கீழே சின்னக் கல், மேலே பெரிய கல்

வேலூரில் காலை ஆறு மணிக்குச் சித்தூர் பஸ் ஏறினோம். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். ஏறியது நானும், எனக்கு மாமனார் ஆகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்தோணிசாமியும். நான் சவரிமுத்து, கொத்தனார். மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்த மேதை. இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆச்சரியப்படுங்கள்.

பயணத்துக்குக் காரணம் என் தலை. முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. வயசு இருபத்தெட்டு என்றேன், மாமா நம்பவில்லை. முப்பதைத் தாண்டியவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வேலூர்ச் சாமியாரோ, ஞானஸ்நானம் வாங்கிய ஊரிலிருந்து சீட்டு வராமல் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன் என்றார். என்னிடம் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. "கோயில்ல மணி ஏத்துன அன்னிக்குதான்டா உனுக்கு ஞானஸ்நானம்" என்று செத்துப்போன நைனா சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு மூன்று வயசானபோதே நாங்கள் அந்த ஊரை விட்டு வந்துவிட்டோம்.

ஏழரைக்குச் சித்தூர். ஆளுக்கு நாலு இட்லி. அங்கிருந்து பாகாலா ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர், அறுபது பைசா. "சர்ச்சி தெக்கர திகண்டி" என்று, சர்ச் பக்கத்தில் இறங்கச் சொல்லி, கண்டக்டர் எங்களை நான் பிறந்த சின்னகல்லுபள்ளியில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பது.

சாலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கல்.

"இன்னா மாப்ளே, நீ வர சேதி தெரிஞ்சு எடுத்துக்கினு வராங்களா?" என்றார் மாமா. அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் கேலி என்று அர்த்தம்.

கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகம். அந்த ஊர்ச் சாமியார் இளவயசுக்காரர், தெலுங்கர். "ரண்டி, கூச்சோண்டி" என்று உட்காரவைத்துவிட்டு உபதேசியாரை அழைத்தார். கோயிலில் உபதேசமும் பள்ளியில் பாடமும் சொல்லித்தரும் பெரியவர் அவர்.

"மணி ஏத்தி எத்தினி வருசம் ஆவுது?" என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு" என்றார், யோசிக்காமல்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "வாடா, பஸ்ஸு போயிடும்."

சாமியார் இரக்கப்பட்டு அந்த வருஷத்து ஞானஸ்நானப் புத்தகத்தைப் பிரித்தார். கோயில் கதவு மாதிரி கனமான அட்டை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். என் பெயர் இல்லை.

"வயசு ஏமாத்துறான்னு நெனச்சேன்" என்றார் மாமா. "இவன் பொறக்கவே இல்லியே சாமி!"

மூஞ்சியை மறைக்க வெளியே வந்தேன். எதிரே கோயில் சுவர். தொழில் புத்தி விடவில்லை. அடிவரிசையில் தேங்காய் அளவு கல், மேலே போகப் போக மரக்கால் அளவு கல். கொத்து வேலையில் இது தலைகீழ்.

"எந்த மடையன் கட்டினான் இந்தச் செவுத்த?" என்று சிரித்தேன். சுவர் மேல் சிரித்தாலாவது என் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று.

பின்னால் வந்த உபதேசியார் கோபப்படவில்லை.

"ஸ்கூல் பசங்க கட்டினதுப்பா. அப்போ ஒரு கீத்துக் கொட்டாதான். அஞ்சு நாளு பாடம், ஞாயித்துக்கிழமை பூசை. காலைல ஆளுக்கு ஒரு கல்லு கொண்டாந்தாத்தான் ஆஜரு. மொத வருசம் தூக்குனது அடில கீது. பசங்க வளந்தாங்க, கல்லும் வளந்துச்சி. ஏழு வருசம்."

எத்தனையோ சுவர் கட்டியிருக்கிறேன், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துப் பார்த்து. பிள்ளைகள் வளர்ந்த உயரம் தெரியும் சுவரை அன்றுதான் பார்த்தேன். முழங்கால் மட்டத்தில் இரண்டாம் வகுப்பு. தலைக்கு மேல் மீசை முளைத்த பையன்கள். செருப்பைக் கழற்றினேன்.

"அப்போ மணி எங்க இருந்திச்சி?"

"வேப்பமரத்துல. செவுரு தொடங்குன வருசம் அங்க ஏத்தினோம். முடிஞ்சதும் எறக்கி, கோபுரத்துல மறுபடி ஏத்தினோம்."

இரண்டு பேரும் ஒரே சமயம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த வயசில் அவர் புத்தகத்தைத் தேடி அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

ஏழு வருஷம் தள்ளி அடுத்த புத்தகம். சாமியாரின் விரல் நின்றது. எல்லாம் லத்தீன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சவரிமுத்து. எட்டு நாள் குழந்தை." ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்று மணியை ஏற்றினோம். இந்தக் குழந்தையின் அழுகையில் மணிச்சத்தம் கேட்கவில்லை."

"அப்பவே வாயி" என்றார் மாமா.

ஒரு வரி எழுத மூன்று முறை அடித்துத் திருத்தும் என்னைப் பற்றி, யாரோ ஒரு சாமியார் மெனக்கெட்டு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷமாக அது இங்கே எனக்காகக் காத்திருந்திருக்கிறது. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அந்த மையைத் தொட்டுப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சீட்டோடு புறப்பட்டோம். கோபுரத்தில் மணி அடித்தது, அதே மணி. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வேலூரில் என்னைத் தெரிந்தவர் நூறு பேர் இருப்பார்கள். என் வயசு தெரிந்தது இந்த ஊருக்குத்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் புது அறை கட்டுகிறார்கள். காலையில் பிள்ளைகள் கொண்டுவந்த கற்கள் வாசலில் குவிந்திருந்தன. ரோட்டோரம் குனிந்த மாமா எலுமிச்சை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி, திரும்பிப்போய் அந்தக் குவியலில் வைத்தார்.

"இன்னா மாமா, இத்தினியூண்டு கல்லு?"

"எம் பேரனுக்குடா. அவன் வளந்தா பெருசா தூக்கிக்கினு வருவான்" என்றார். "நட மாப்ளே, பஸ்ஸு போயிடும்."