சரிபார்த்த எண்

அலுவலகத்தில் அவரை ஜெர்மன் என்றுதான் அழைத்தார்கள். பக்கத்து மேஜைக்காரி பிரெஞ்சு. ஜன்னலோரம் இருப்பவர் ஜப்பான். ஜெர்மனுக்கு வயிறு சரியில்லை, பிரெஞ்சுக்கு மாமியார் வந்திருக்கிறார் என்று பேச்சு நடக்கும். பதினேழு வருஷமாக அவர் ஜெர்மன். அந்த நாட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. வாலிபத்தில் அங்கே வேலைக்குப் போவதாக இருந்து, மாலை வகுப்பில் மொழியைப் படித்தார். வேலை கைகூடவில்லை, மொழி தங்கிவிட்டது.

ஸ்கேனரைக் கணினியோடு எப்படி இணைப்பது, அமைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் எந்த வரியில் என்ன எழுதுவது என்று சொல்லும் ஆங்கிலப் பக்கங்கள் கம்பெனியின் இணையதளத்தில் நானூற்றுச் சொச்சம். அவற்றின் ஜெர்மன் வடிவம் பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆங்கிலத்தில் ஒரு வரி மாறினாலும் பக்கத்தின் எண் ஒன்று கூடும். ஜெர்மன் பக்கத்தின் உச்சியில், எந்த எண் வரை சரிபார்த்தது என்று குறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத பக்கங்கள் காலையில் சிவப்புப் பட்டியலாக வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியல் காலியாக இருக்க வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம்.

ஆங்கிலத்தில் மாறுவது பெரும்பாலும் ஒரு காற்புள்ளி, ஒரு எழுத்துப்பிழை. அதற்கெல்லாம் ஜெர்மனில் வேலையே இராது. திறந்து பார்த்துவிட்டு, உச்சியிலுள்ள எண்ணை மட்டும் கூட்டிவிடலாம். இதற்குத் தலை வாரிவிடுவது என்று பெயர்.

“இன்னிக்கு எத்தனை பேருக்குத் தலை வாரினீங்க? ஸ்கூல் பெல் அடிக்கப்போகுது” என்பாள் பிரெஞ்சு.

ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு பக்கங்கள் சிவப்பாக இருந்தன. இருபத்துமூன்றைத் திறந்து பார்த்தார். மீதி பதினெட்டிலும் ‘சிறு திருத்தம்’ என்றே ஆங்கிலம் எழுதுகிறவர்கள் குறிப்புப் போட்டிருந்தார்கள். மணி ஐந்தரை. திறக்காமலே பதினெட்டுக்கும் தலை வாரிவிட்டார்.

அவருக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதுகிற வாசகர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அறுபத்தெட்டு வயது ஜெர்மன்காரப் பெண்மணி. கணவர் பாலங்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து இறந்தவர். முப்பது வருஷம் பாலங்களின் விரிசல்களைப் படமெடுத்து, அலமாரி நிறைய ஃபிலிம் சுருள் விட்டுப்போயிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்வதை அந்த அம்மாள் தினசரி வேலையாக வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்தில் ஆறாவது படி புரியவில்லை என்று முதலில் எழுதினார். இவர் பார்த்தார். புரியாதபடிதான் இருந்தது. திருத்தினார். அந்த அம்மாள் நன்றி சொல்லி எழுதினார். இரண்டு வருஷத்தில் பதினொரு கடிதங்கள். இவர் வீட்டில் அந்த அம்மாளுக்குப் பாலத்தம்மா என்று பெயர். மனைவி சில நாள் கேட்பார், “உங்க பாலத்தம்மா எந்தப் பாலத்துல நிக்கறாங்க?”

பன்னிரண்டாவது கடிதம் அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. பக்கத்தில் சொன்னபடி ஸ்கேனர் விளக்கு அணைய வேண்டிய நேரத்தைப் பூஜ்யம் என்று வைத்தாராம். அதாவது விளக்கு அணையாமல் எரியும், படம் ஒரே சீராக வரும். சுருளை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாராம். திரும்பி வந்தபோது ஃபிலிம் சுருங்கி ஒட்டிக்கிடந்தது. அத்தனை சுருளிலும் அது ஒன்றில்தான் பாலம் இல்லாமல் மனிதர்கள் இருந்தார்கள். அம்மாவுக்குத் தலை தடுமாறுகிறது, ஏதோ தப்பாக அழுத்தியிருப்பாய், மெஷினைக் கொண்டுபோகிறேன் என்கிறானாம் மகன். சமீபத்தில் சாவியை இரண்டு தடவை தொலைத்திருந்ததால் அந்த அம்மாளுக்கும் தன்மேல் சந்தேகம். நான் படித்தது சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

அவர் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தார். புது மாடல்களில் பூஜ்யம் வைத்தால் ஃபிலிம் வெந்துவிடும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. ஜெர்மன் பக்கத்தில் அந்த வரி இல்லை. எண் மட்டும் சரியாக இருந்தது.

மேலாளரிடம் போய் மறைக்காமல் சொன்னார். மேலாளர் கோபப்படவில்லை. தண்ணீர் எடுத்துக்கொடுத்தார்.

“முதல்ல பக்கத்தைச் சரி பண்ணுங்க. அப்புறம் பதில் போடுங்க. வாசகருக்கு நாம வழக்கமா போடற பதில் இருக்குல்ல, உரிய பக்கத்தை மறுபடி பார்க்கவும்னு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

அவர் எழுந்திருக்கவில்லை. மேலாளர் காலியாகக் கிடந்த ஒரு மேஜையைப் பார்த்தார். இத்தாலியன் உட்கார்ந்திருந்த இடம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இத்தாலிய மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இவர் எழுந்து தன் மேஜைக்குப் போனார்.

அந்த வரியை மொழிபெயர்க்க நாலு நிமிஷம் ஆயிற்று. நல்ல ஜெர்மனாகத்தான் வந்தது. பிறகு மேலாளர் சொன்ன பதிலையே அனுப்பினார்.

மறுநாளே அந்த அம்மாள் எழுதினார். எச்சரிக்கை இருக்கிறது, பார்த்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் என் கண்ணில் படவில்லை. மகன் சொன்னது சரி. மெஷினைக் கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் பொறுமையாகப் பதில் எழுதினீர்கள். வணக்கம்.

நாலு நாள் வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கினார்.  பிறகு சொன்னார்:

“அந்தம்மா கண்ணு நல்லாத்தாங்க இருந்துது. அதைச் சொல்லிடுங்க.”

“சொன்னா சீட்டு கிழிஞ்சுரும்.”

“கிழியட்டும். என் ஒருத்தி சம்பளத்துல குடும்பத்தை ஓட்டிப் பார்ப்போம்.”

அவர் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதினார். எச்சரிக்கை அன்று பக்கத்தில் இல்லை, நீங்கள் படித்தது சரி, தவறு என்னுடையது, உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அதைச் சேர்த்தேன் என்று எழுதி, பழைய பக்கத்தையும் இணைத்தார். மேலாளருக்கும் ஒரு பிரதி போனது.

பதில் மகனிடமிருந்து வந்தது. அம்மாவின் கடிதங்களை இப்போது நான்தான் பார்க்கிறேன். அவரைத் தேற்றுவதற்காகப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்கிறீர்கள், பழைய பக்கம் என்று ஒன்றைக்கூடத் தயார் செய்திருக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு செய்பவர்கள் குறைவு. ஆனால் இதைப் படித்தால் அவர் மறுபடி குழம்புவார், டாக்டரும் வேண்டாம் என்கிறார். தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.

அவர் இன்னும் மூன்று தடவை எழுதினார். மூன்றும் திரும்பி வந்தன.

மேலாளர் மகனின் கடிதத்தைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படித்தார். தட்டிக்கொடுத்தார். நல்லா சமாளிச்சுட்டீங்க என்றார்.

சாயங்காலம் மனைவி கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“வேலை போச்சா?”

“போகல.”

அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.