பார்க்காமல் வாங்கிய படம்

படத் தொழிலில் இருப்பவர்கள் அவளை ‘அரை டீ’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும், நேரில் ‘மேடம்’. அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்தது.

விநியோகஸ்தர்கள் ஒரு படத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்வதற்கு முன்னால் அதைத் தியேட்டர்காரர்களுக்கு முழுதாகப் போட்டுக் காட்டியே ஆக வேண்டும் என்று அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதற்கென்றே ஒரு சின்ன அரங்கும் இருந்தது. மற்ற தியேட்டர்காரர்கள் அங்கே உட்கார்ந்து பாட்டையும் சண்டையையும் எடைபோட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் இடைவேளையில் வெளியே வந்து ஒரு டீ வாங்குவாள். கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்துவிட்டால் அந்தப் படம் வேண்டாம். உள்ளே என்ன ஆகப்போகிறதோ என்ற அரிப்பில் பாதி டீயை வைத்துவிட்டு ஓடினால், படம் அவள் தியேட்டருக்கு. இரண்டாம் பாதியை அவள் பார்ப்பது தொழிலுக்காக அல்ல, ஆசைக்காக.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அப்புறமா சொல்றேன்” என்று போய்விட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னபோது, அவர் குடும்பத்துக்கு ஒரு தியேட்டர் இருக்கிறது என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. இப்போது கணவர் ஏதோ ஒரு கடலில். தியேட்டர் இவள் கையில். கூடமாட ஒத்தாசைக்குக் கொழுந்தன்.

கொழுந்தனுக்குப் படம் என்றாலே கொட்டாவி வரும். வாசலில் டிக்கெட் கிழிப்பான், ஏசியைக் கழற்றி மாட்டுவான். திரையை மட்டும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான். ஒரு சோபாக் கடைக்காரர் கட்டிடத்தைக் கிடங்குக்குக் கேட்டு அவனை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

“இந்த விடுமுறைப் படம் ஓடட்டும் அண்ணி, நான் வாயே திறக்கல. ஓடலைன்னா சோபாதான்” என்றான். கப்பலுக்கும் போன் போட்டு அண்ணனிடம் சம்மதம் வாங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டம் போனது. அரங்குக்குப் போனவளைப் பூட்டிய கதவுதான் வரவேற்றது. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“பழைய சட்டத்தையெல்லாம் மொத்தமா ரத்து பண்ணாங்களாம்மா. அதுல இதுவும் போயிடுச்சு. இனிமே காட்ட வேண்டியதில்லையாம்.”

“ஏனாம்?”

“அதான் டிரெய்லர் எல்லார் போன்லயும் வருதேன்றாங்க.”

“டிரெய்லர்ல ஏதுய்யா இடைவேளை?”

வாட்ச்மேன் சற்று யோசித்தார். “அது இல்லதான்” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு வேறு ஒரு யோசனை. முதன்முதலில் இந்தச் சட்டத்தைக் கேட்டு அலைந்தவர் யாராக இருக்கும்? எந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, எந்தத் தியேட்டர்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாரோ? அவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால் தேவலை போலிருந்தது.

மறுநாள் விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போனாள். மேனேஜர் டீ வரவழைத்தார். ஒப்பந்தத்தையும் மேஜைமேல் வைத்தார்.

“படத்தைக் காட்டுங்க.”

“அதான் சட்டம் போச்சே மேடம்.”

“சட்டம் போனா புரொஜெக்டரும் போயிடுமா?”

“கோவிச்சுக்காதீங்க. படம் இன்னும் எடிட்டிங்ல இருக்கு. நானே பாக்கல.”

“பாக்காமலா வாங்கினீங்க?”

“பாக்காமதானே விக்கிறேன்!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, கதையையாவது சொல்லுங்க.”

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேர்க்காரன் ஒருவன். ஒரு பெரிய குடியிருப்பில் லிஃப்ட் பழுது. சரிசெய்து ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மாடியில் தானாக நிற்கிறது. கம்பிக்கதவு வழியாக ஒரு பெண் அவன் கையில் சாவியைத் திணிக்கிறாள்: யார் கேட்டாலும் கொடுக்காதே. மறுநாள் போனால் அந்த வீட்டில் வேறொரு குடும்பம். அவர்கள் அங்கே குடிவந்து பல வருஷம் ஆகிறதாம்.

“அப்புறம்?”

“இடைவேளை.”

“அப்புறம்?”

“எங்கிட்ட சொன்னது அவ்வளவுதான் மேடம்.”

அவள் குனிந்து பார்த்தாள். கையில் டீ பாதி இருந்தது, ஆறிப்போய். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அதிலிருந்து வாய் ஓயவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அந்தச் சாவியைப் பற்றியே பேச்சு. வந்த டிரெய்லரிலும் போஸ்டரிலும் வெறும் பாட்டும் முகங்களும்தான், கதை பிடிபடவில்லை. ஒருநாள் ஏசிக்குள் தலையை விட்டிருந்த கொழுந்தன்கூட, “சாவி யாருதா இருக்கும் அண்ணி?” என்றான். உடனே, “சும்மா கேட்டேன்” என்று ஸ்பானரைத் தேட ஆரம்பித்தான்.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்குப் பாதி ஹால்தான் நிறைந்திருந்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு நீச்சல் குளம். ஒரு கண்டிப்பான பயிற்சியாளர். அவரிடம் கோபித்துக்கொண்டு ஓடிப்போய், இப்போது எதிரணியில் சேர்ந்துவிட்ட மாணவி. லிஃப்ட்டும் இல்லை, சாவியும் இல்லை.

இருட்டில் யாரோ தோளைத் தொட்டார்கள். கொழுந்தன். “அண்ணி, லிஃப்ட் எங்க?”

இடைவேளை விட்டதும் வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டாள். “என்னங்க, இது வேற படமா இருக்கு!”

கதையைக் கேட்டு மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. “ஐயையோ! ரெண்டு கம்பெனிக்காரங்க ஒரே நாள்ல போன்ல கதை சொன்னாங்க மேடம். நான் மாத்திச் சொல்லிட்டேன் போல.”

“அந்தச் சாவி யாருது?”

“இப்ப இதுவா முக்கியம்?”

“சொல்லுங்க.”

“எனக்கெப்படித் தெரியும்? அந்தப் படத்தையும்தான் நான் பாக்கலையே.”

இடைவேளை முடிந்து மணி அடித்தது. போனைக் காதில் வைத்தபடியே அவள் தியேட்டர் டீக்கடை மேடையைப் பார்த்தாள். சில கப்புகள் காலி. சிலர் இன்னும் நின்று ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவற்றை வைத்து என்ன முடிவுக்கு வருவது? அப்போதுதான் மேடை ஓரத்தில் கொழுந்தனின் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்தாள். பாதி டீ இருந்தது, ஆவி பறந்தது.

ஹால் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கொழுந்தன் உட்காரக்கூட இல்லை. தூணில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

“தம்பி, சோபாக்காரருக்கு என்ன சொல்ல?”

“சும்மா இருங்க அண்ணி! அந்தப் பொண்ணு குதிக்கப் போறா.”

போனில் மேனேஜர் இன்னும் இருந்தார். “மேடம், படம் எப்படி இருக்கு? நீங்களாவது சொல்லுங்களேன்.”

“அப்புறமா சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டு, அவள் கைக்கு எட்டிய சீட்டில் உட்கார்ந்தாள்.