மேல்மாடிக்கு ஏறாத தண்ணீர்

என் அக்காவின் கணவருக்குப் ‘பிரஷர்காரர்’ என்று பட்டப்பெயர். அடுக்குமாடிக் கட்டடங்களின் குழாய்களைக் கவனித்துக்கொள்ளும் பிளம்பர் அவர். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், நலம் விசாரிப்பதற்கு முன் குழாயைத் திறந்து உள்ளங்கையை நீட்டி, “பிரஷர் கம்மியா இருக்கே” என்பார். கல்யாண வீடு, துக்க வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று டாக்டர் சொன்னபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா முறைத்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்ட டாக்டரம்மாவுக்கு ஏதோ இரைச்சல் கேட்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் இடத்தில் இருக்கும் வால்வு சுருங்கியிருந்தது. தாராளமாகத் திறக்க வேண்டிய அதன் இதழ்கள் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போய், பாதிதான் திறந்தன. வேறு யாராக இருந்தாலும் பயந்துபோயிருப்பார்கள். அத்தானோ படுக்கையிலிருந்து எழுந்து திரைக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்தார்.

“உப்புத்தண்ணி லைன் மாதிரியே இருக்கே டாக்டரம்மா. கொஞ்சம் ஆசிட் ஊத்திக் கழுவிட முடியாதா?”

“மோட்டாரும் சேர்ந்து கரைஞ்சுடும். படுங்க” என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல்.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆனால் என்றாவது ஒருநாள் வால்வை மாற்ற வேண்டி வரலாம் என்றார். அதுவரை இதயத்தின் தசை கெடாமல் இருக்க வேண்டும், அதற்கு ரத்த அழுத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வால்வு சுருங்கியவர்களுக்கு ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது, மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மாத்திரைப் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் அதையும் தண்ணீரையும் அத்தான் கையில் கொடுத்த பிறகுதான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

“பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு. வால்வும் போன தடவை மாதிரியேதான் இருக்கு. அப்புறம் ஏன் தசை இப்படித் தடிச்சுக்கிட்டே போகுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து, “இப்படியே போனா ஆபரேஷனைச் சீக்கிரம் வெச்சுக்க வேண்டியிருக்கும். தசை அசந்து போயிட்டா ஆபரேஷனைத் தாங்குறதும் கஷ்டம்” என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் அறையில் ஒரு கேள்விகூடக் கேட்காத அத்தானை அன்றுதான் பார்க்கிறேன். இதில் என்னமோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது.

டாக்டரம்மாவுக்கும் பட்டிருக்க வேண்டும். அத்தானின் கையில் பட்டையைக் கட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார். அது பகலும் இரவும் அவ்வப்போது தானாகவே அழுத்தத்தை அளந்துகொள்ளுமாம்.

“லீவு நாள்ல கட்டிக்கிறேனே. வேலையில இது இடைஞ்சல்” என்று அத்தான் இழுத்தார்.

“வேலை நாள்லதான் கட்டணும்.”

மறுநாள் அத்தான் மொட்டைமாடித் தொட்டிகளில் வேலை பார்த்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது குட்டு உடைந்தது. நாள் முழுக்க அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டரம்மா எண்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல, டேங்க்குக்குள்ள குனிஞ்சு நிமிர்ந்தேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பத்தான் யோசிச்சேன். வால்வோ பாதி அடைச்சிருக்கு. அடைச்ச லைன்ல பிரஷரையும் குறைச்சா மேல்மாடிக்கு எப்படித் தண்ணி ஏறும்?” என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார். “அதனால மேல ஏறுற நாள்ல போடுறதில்ல. லீவு நாள்ல போட்டுக்குவேன். நீங்க வரச் சொன்ன வாரத்துல கீழ் வேலையாப் பார்த்து எடுத்துக்கிட்டு, ஒழுங்காப் போட்டுட்டு வருவேன்.”

அவருடைய மேல்மாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “ஒரு காலத்துல டாக்டருங்களும் இதே மாதிரிதான் பயந்தாங்க” என்றார். “வால்வு சுருங்கினவங்களுக்குப் பிரஷர் மாத்திரை குடுக்கவே யோசிப்பாங்க. பார்த்துப் பார்த்துக் குறைச்சா நல்லதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க பிரஷர் மோட்டாரோட பலம் இல்லைங்க. உடம்பு பூரா பைப்பு இறுகிப்போய்க் கிடக்கு, அதனால ஏறுற பிரஷர். மோட்டார் அடைச்ச வால்வையும் தாண்டித் தள்ளணும், இறுகின பைப்பையும் எதிர்த்துத் தள்ளணும். வால்வை நான் இப்போ தொட முடியாது. பைப்பை இளக்க முடியும். மாத்திரை அதைத்தான் செய்யுது.”

அத்தான் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அப்போ, மேல ஏறுன நாள்ல எல்லாம் நான் மோட்டாரைப் போட்டு வதைச்சிருக்கேன்.”

“தசை தடிச்சதுக்கு அதுதான் காரணமா இருக்கும். இனிமே கண்ணு இருட்டினா மாத்திரையை நிறுத்தாம, நேரா என்கிட்ட வாங்க. அது மாத்திரையாலயா, வால்வாலயான்னு நான் பார்க்கணும். மறுபடி சின்ன அளவுல ஆரம்பிக்கிறோம். மெதுவா எழுந்திரிங்க. கொஞ்ச நாளைக்கு மாடிக்குத் தனியா ஏறாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் அத்தான் தன் கருவிப் பையிலிருந்து வாஷர் டப்பாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார். ரப்பர் வளையங்களுக்கு நடுவே மாத்திரைகள் கிடந்தன. நல்ல சாமானைத் தூக்கிப் போட அவருக்கு என்றைக்குமே மனசு வராது. அக்கா அவற்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“தினமும் காலையில இதை உங்க கையில குடுத்துட்டு, இன்னைக்குப் பொழுது பயமில்லைன்னு நிம்மதியா இருப்பேன்” என்றாள். “அந்த நிம்மதியெல்லாம் இந்த டப்பாவுலதான் கிடந்திருக்கு.”

எனக்கு அத்தான் மேல் அப்படியொரு கோபம் வந்தது. அவருடைய தலை குனிந்திருந்ததைப் பார்த்து அது வந்த வழியே போயிற்று.

மறுநாள் காலையில் அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, பள்ளிப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து காட்டினார். அக்கா அதைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க கிளம்புற?”

“தனியா ஏறக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல.”

அன்றைக்கு அத்தானுக்கு வேலை இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அக்கா முட்டிவலிக்காரி, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். கருவிப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நான். மேலே போனதும் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் உள்ளே குனிந்து மிதவையைச் சரி செய்தார். பிறகு டாக்டரம்மா சொன்னபடியே மெதுவாக நிமிர்ந்தார்.

“கண்ணு இருட்டுதா?” என்றாள் அக்கா.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“இல்ல. நீ நல்லாத் தெரியுற.”