யாரும் வைக்காத சூடு

எங்கள் ஆய்வகத்துக்கு நோயாளிகள் வருவதில்லை. அவர்களுடைய இரத்தம் வரும், சளி வரும், சில சமயம் தோலில் காய்ந்த பொருக்கு வரும். எல்லாம் எண் ஒட்டிய சிறு குழாய்களில், ஐஸ் பெட்டிக்குள். அதனால் வாசல் காவலர் போன் செய்து, "ஜவ்வாது மலையிலருந்து ஒருத்தர் வந்திருக்கார் மேடம், உங்களத்தான் பாக்கணுமாம்" என்றபோது, யாரோ இடம் மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கீழே போனேன். முப்பது வயதுகூட இருக்காது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் அந்தப் பொருக்க டெஸ்ட் பண்றவங்களாங்க?"

"ஆமா. யாரோடது?"

"என் சம்சாரத்தோடது. அது செத்துப்போச்சுங்க."

அவர் புதூர்நாட்டுப் பக்கம் சாமை விதைக்கிறவர். மனைவிக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். ஊரில் கொடுத்த மாத்திரையில் விட்டுவிட்டு வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஜீப் பிடித்துக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். மருத்துவமனையில் அவளைப் பார்த்த இளம் டாக்டர் எங்கள் காய்ச்சல் ஆய்வில் சேர்ந்திருந்தவர். இடுப்பில், பாவாடை நாடா அழுந்தும் இடத்துக்குச் சற்று மேலே, கறுத்த பொருக்கு ஒன்றைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம். மருந்தையும் ஏற்றினார், பொருக்கைக் கிள்ளி எங்களுக்கும் அனுப்பினார். அன்று மாலையே அவள் இறந்துவிட்டாள்.

உடலை மலைக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டியபோது பெண்கள் அந்த இடத்தைப் பார்த்தார்கள். வட்டமாக, நடுவில் கருகி, ஓரம் சிவந்து. பார்த்தவர்களுக்கெல்லாம் தோன்றியது ஒன்றுதான்.

"பீடியால சூடு வெச்சுட்டேன்னு சொல்றாங்க மேடம். நான் பீடி குடிக்கறவன்தான், இல்லன்னு சொல்லல. அதான் எவனும் நம்ப மாட்றான்."

மனைவியின் அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி அதிக வருஷம் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணையும் வந்தது. புதைத்த உடலைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று ஊரில் பேச்சு. மூன்று வயது மகளை மாமன் வீட்டில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மண்ணத் தோண்டக் கூடாதுங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

முடிவை அவர் கையில் நேராகக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை, டாக்டர் வழியாகத்தான் போகும் என்று விளக்கினேன். தலையாட்டினார். அவர் போன பிறகு மாடிக்கு ஏறி, அடுத்த வாரத்துக்கென்று வைத்திருந்த அந்தக் குழாயை அன்றே எடுத்தேன்.

பொருக்கில் கிருமி நிறைய இருந்தது. பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்களே, அந்த ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கடித்த இடத்தில் இப்படிக் கருகும். டாக்டர் அறிக்கையை விசாரணைக்கு அனுப்பினார். உடலைத் தோண்டவில்லை. வழக்கும் முடிந்தது.

என்னளவில் அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. அந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் படித்தபோது, அது எங்களிடம் இருந்த மற்ற வகைகளோடு சரியாகப் பொருந்தவில்லை. மலையிலிருந்து வந்த வேறு சில மாதிரிகளோடு சேர்த்து ஒரு கட்டுரை எழுதினோம். பொருக்கின் படத்தைச் சேர்க்கக் கணவரிடம் டாக்டர் சம்மதம் வாங்கியிருந்தார். கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர், மரபணுப் பகுதிதான் புதிது, படத்தை எடுத்துவிடலாமே என்று கேட்டிருந்தார். எடுக்கவில்லை. ஏன் என்று அவருக்கு எழுதிய பதிலில் நோயறிதலுக்குப் பயன்படும் என்று மட்டும் குறிப்பிட்டேன்.

கட்டுரை வந்து சில மாதங்கள் கழித்து அந்தக் கணவர் போன் செய்தார்.

"கேசு இல்லன்னு ஆயிடுச்சுங்க. ஆனா பாப்பாவ வுட மாட்றாங்க. காசு குடுத்து எழுதி வாங்கிட்டேன்னு சொல்றாங்க. நீங்க ஒரு தபா வந்து சொன்னீங்கன்னா..."

போவதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். ஆய்வகத்தில் இருக்கிறவள் ஒரு குடும்பச் சண்டைக்குள் போய் நிற்பதா என்று உடன் வேலை செய்கிறவர்கள் தயங்கினார்கள். அந்தப் பகுதிக் கிராமச் செவிலியரிடம் பேசினேன். "வாங்க மேடம், நானும் கூட வர்றேன்" என்றார்.

கிளம்புவதற்கு முன், அதுவரை என் பெயர் போட்டு வந்த கட்டுரைகளையெல்லாம் கணினியில் திறந்தேன். காசநோயில் மருந்து கேட்காமல் போவது பற்றிச் சில, டெங்கு பற்றி ஒன்றிரண்டு, பிறகு வந்ததெல்லாம் ஸ்க்ரப் டைபஸ். பதவி உயர்வுக்கு உட்காரும்போது இவற்றைத்தான் எண்ணுவார்கள், எந்த இதழில் வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று. மகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் இவற்றில் எதைக் காட்ட முடியும் என்று பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். வரைபடம், அட்டவணை, கிளை கிளையாகப் பிரியும் மரபணு மரம். எதுவும் உதவாது. பொருக்குகளின் படங்கள் மட்டும்தான் மிஞ்சின. முகம் தெரியாமல் எடுத்த படங்கள். அவற்றைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டேன்.

மாமன் வீடு அதே மலையில், நெல்லிவாசல்நாட்டில். ஷேர் ஜீப்பில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஊர் எல்லை வரை வழிகாட்டிய கணவர் ஒரு பலா மரத்தடியில் நின்றுவிட்டார். "நான் வந்தா சண்டயாயிடும். நீங்க போய்ட்டு வாங்க."

இறந்தவளின் அண்ணன் செவிலியருக்காக எங்களை உட்கார வைத்தார். அம்மா உள்ளே கதவோரம் இருந்தார். நான் கட்டுரையை எடுத்து, நோயின் பெயர், பூச்சி, பரிசோதனை என்று சொல்லத் தொடங்கியதும் அண்ணன் கையை உயர்த்தினார்.

"நீங்க படிச்சவங்க. இன்னா வேணா எழுதிக்கலாம். எங்களுக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா சூடு வெச்சா எப்படி இருக்கும்னு தெரியும்."

சொல்ல வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. நான் பிறந்தது அமிர்திப் பக்கம், இதே மலையின் அடிவாரத்து ஊர். எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு தானாக வாயில் வந்தது.

"இங்கிலீசு வாணாம்ணா. படத்த மட்டும் பாருங்க. இவங்கெல்லாம் வேற வேற ஊரு, வேற வேற வருசம்."

பாயில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு கிழவரின் அக்குள். ஒரு பெண்ணின் மார்புக்குக் கீழே. ஒருவரின் காதுக்குப் பின்னால். எல்லாவற்றிலும் அதே வட்டம், அதே கருகல், அதே சிவந்த ஓரம். அண்ணன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு படத்தைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். கைக்குழந்தை ஒன்றின் பிடரி.

"இது பொழச்சிதா?"

"பொழச்சிதும்மா. சீக்கிரமா வந்துட்டாங்க."

வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், இந்தக் கொழந்தைய எவன்டா சுடுவான்?"

அண்ணன் எழுந்து வெளியே போய், வேலியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அம்மா என் கையைப் பிடித்தார்.

"அவளுக்கு எரிஞ்சிருக்குமா? ராத்திரியெல்லாம் எரிச்சல்ல கெடந்திருப்பாளோன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா."

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். என் கட்டுரைகள் பலவற்றில் ஒரே சொல்லாக, யாரும் நின்று படிக்காத இடத்தில் அது இருக்கிறது.

"இல்லம்மா. அது வலிக்காது. எரியாது, அரிக்கக்கூட அரிக்காது. இருக்கறதே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அப்போதுதான் அழுதார். செவிலியர் அவரை அணைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த குழந்தை பாட்டி அழுவதைப் பார்த்து மிரண்டு, பாயில் கிடந்த தாள்களை மிதித்துக்கொண்டு ஓடிவந்து மடியில் ஏறியது.

அன்று குழந்தையை அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி நானும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பியபோது அண்ணன் எங்களோடு நடந்து வந்தார். பலா மரம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்று, "இந்த பூச்சி எங்கெல்லாம் இருக்குது?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டு, மரத்தடியில் நின்றவரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் வந்தது. பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு அடம்பிடிக்கும் சத்தம்.

"பாப்பா வூட்ல இருக்குதுங்க. மாமியாரே கொண்டாந்து வுட்டாங்க. வாரத்துல ரெண்டு நாளு அங்க போவும்."

"மச்சான் பேசறாரா?"

"இன்னும் இல்லங்க" என்றார். "ஆனா பாப்பாவக் கூட்டிக்கினு போறப்ப எங்கூட்டு வாசல் வரைக்கும் வர்றாரு."