சிம்னிப் பக்கம் வராத நிலா

1. வராந்தாவில் ஒரு பப்படம்

மேனேஜர் பங்களா வராந்தாவில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, புரொஜெக்டரை ஓடவிட்ட பத்தாவது விநாடியே படம் போச்சு என்று தெரிந்துவிட்டது. திரையில் கன்னங்கரேலென்று வானம். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். அதில் முயலும் இல்லை, கறையும் இல்லை. ஓரமெல்லாம் பிசிறி, சுண்ணாம்பு கொட்டியது போல இருந்தது.

“எந்தாடோ இது? சந்திரனோ, பப்படமோ?” என்றார் மேனேஜர்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டி. தேவிகுளத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கல்யாணம், சாவு, அடையாளக் கார்டு போட்டோ எல்லாம் எடுத்த கை என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

மேனேஜர் கோட்டயம் பக்கத்து மனிதர். அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு சூப்பர் எட்டு சினி கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தார். வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்கிற சின்னக் கேமராதான். ஆனால் நீளமான ஜூம் லென்ஸ், அதன் முன்னால் திருகிக்கொள்ள ஒரு டெலி லென்ஸ் வேறு. அதை வைத்து எஸ்டேட்டைப் பற்றி ஒரு கால்மணி நேரப் படம் எடுத்து, கம்பெனி டைரக்டர்கள் வரும்போது காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கொழுந்து எடுப்பது, தேயிலை வாடவிடுவது, அரைப்பது எல்லாம் எடுத்தாயிற்று. கடைசிக் காட்சியில் பேக்டரி சிம்னிக்குப் பக்கத்தில் முழு நிலா எழும்ப வேண்டும். தைப்பூசத்தன்று அதை எடுத்தேன். பிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவித் திரும்ப மூன்று வாரம். அப்படி வந்ததுதான் இந்தப் பப்படம்.

மேனேஜர் விளக்கைப் போட்டார். அவரே தீர்ப்பையும் எழுதிவிட்டார்.

“அந்தப் பெண்ணு கேமரா திறந்து. லைட்டு உள்ளில் கேறி. சூப்பர்வைசர் கண்டதல்லே? அதானே?”

அதில்லை. அதில்லை என்பது அந்த வராந்தாவிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

2. பேச்சியம்மாள்

‘அந்தப் பெண்ணு’ என்றது பேச்சியம்மாளை. நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். கொழுந்து எடுப்பவர். தைப்பூசத்தன்று டிரைபாடும் பையும் தூக்கிவர எஸ்டேட்டில் அவரைத்தான் அனுப்பினார்கள். படம் பிடித்து முடித்து இறங்கும்போது, அந்தப் பெட்டிக்குள் நிலா எப்படிப் போனது என்று பார்க்கும் ஆவலில் கேமராவின் பக்கக் கதவை ஒரு நொடி திறந்து மூடினார். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார்.

படம் எடுக்கப் பழகும் தம்பிமார்களே, இதைக் கவனியுங்கள். சூப்பர் எட்டில் பிலிம் ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும். கதவைத் திறந்தால் நாலைந்து பிரேம் போகும், அவ்வளவுதான். வெளிச்சம் உள்ளே போயிருந்தால் ஓரத்தில் ஆரஞ்சாக வழியும், கறுப்பு வானம் வெளுத்திருக்கும். எங்கள் படத்தில் வானம் மை போலக் கறுத்திருந்தது. நிலா மட்டும்தான் வெளுத்திருந்தது. அப்படியென்றால் தப்பு கதவில் இல்லை, லென்ஸின் துவாரத்தில். துவாரத்தைக் கேமராவே தீர்மானிக்கும் ‘ஆட்டோ’வில் விட்டிருந்தேன். அதன் மின்கண் கறுப்பு வானத்தைப் பார்த்து, ‘அய்யோ இருட்டு’ என்று துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டது. அது கேமராவின் குணம். அதை மாற்றிக் கையால் வைப்பது என் வேலை.

பேச்சியம்மாள் டெம்பரவரி. அவர் கணவர் நிரந்தரத் தொழிலாளி, முந்தின மழைக்காலத்தில் இறந்துபோனார். எஸ்டேட் கொடுத்த லைன் வீடு கணவர் பேரில் இருந்தது. மார்ச் கடைசியில் கம்பெனிக்குப் போகும் நிரந்தரப் பட்டியலில் பேச்சியம்மாள் பேர் ஏறினால் வீடு அவருக்கு. இல்லையென்றால் வயதுக்கு வந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். மறுநாள் காலை மேனேஜர் அந்தப் பட்டியலில் அவர் பேரின் மேல் கோடு போட்டுவிட்டார். வேலைக்கும் வர வேண்டாம் என்றார்.

3. ஆறு துவாரம், ஆறு நிலா

அன்று சாயங்காலமே ஸ்டூடியோ முற்றத்தில் எங்கள் பழைய கேமராவை நிறுத்தி, ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒன்றாக நிலாவை ஆறு படம் எடுத்தேன். நானே கழுவினேன். முதல் மூன்றும் பப்படம். எட்டு என்று எண் போட்ட துவாரத்தில்தான் முயல் தெரிந்தது, காது உட்பட; எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நிலா இருட்டில் இருக்கும் பொருளே இல்லை. நாம்தான் இருட்டில் நிற்கிறோம். அது பட்டப்பகல் வெயிலில் கிடக்கும் கல். வெயிலில் கிடக்கும் கல்லை எப்படி எடுப்போமோ அப்படி எடுக்க வேண்டும். மலையோரத்தில் எழும்பும்போது புகைமூட்டம் இருக்கும், ஒரு படி கூடத் திறந்து 5.6 வைக்கலாம்.

ஈரப் பிரிண்டை முதலாளியிடம் காட்டினேன். மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“ஏண்டா, உனக்கெதுக்கு இந்த வேல? தொரை கேமரா, தொரை பிலிமு. அவிங்க பாடு, அந்தப் பொம்பள பாடு. எஸ்டேட்டு ஆளுக அத்தன பேருக்கும் கார்டு போட்டோ நாமதான் எடுக்கறோம். நீ போயி வாயத் தொறந்தீன்னா, பெருமாட்டிக்கே தேங்கா பொறுக்கப் போகோணும், ஆமா.”

முதலாளி தடுத்ததால் போகவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தடுக்க ஓர் ஆள் கிடைத்ததே என்று உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

4. மாசி நிலா

மேனேஜரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ். அதில் மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும். “இதும் போயால் நீயும் போய்க்கோ” என்று சொல்லித்தான் கொடுத்தார். இந்த முறை நான் கொஞ்சம் யோசித்து, மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாளே கிளம்பினேன். முந்தின நாள் நிலா சூரியன் மறையும் நேரத்திலேயே மேலே வரும். வானத்தில் வெளிச்சம் இருக்கும், சிம்னியும் தெரியும். ஒரு நாள் குறைந்த நிலாவை எந்த டைரக்டரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

போன தடவை படம் எடுத்த மேட்டுக்குத் திரும்பும் வளைவில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார்; நான் வருவதை லைனிலிருந்தே பார்த்திருப்பார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கையும் கட்டியிருந்தார், வேலை இருப்பவர் போல.

“பைய நாந்தான் தூக்குவேன், தம்பி.”

“வேண்டாங்க்கா. மேனேஜரு பாத்தா ரெண்டு பேருக்கும் வம்புங்க.”

“நா இல்லாம படம் நல்லா வந்துட்டுன்னா என்ன சொல்லுவாக? பாத்தியா, அவ கை படல, நல்லா வந்துருக்குன்னு சொல்லுவாக. என் கை பட்டு நல்லா வந்தாத்தான் என் மேல தப்பில்லன்னு ஆவும். பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நா எங்கிட்டுப் போவேன்? குடுங்க அதை.”

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது அக்கா, நீங்கள் நிரூபிக்க எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம். நான் பையைக் கொடுத்தேன்.

தைப்பூசத்தன்று நின்ற அதே பாறையில் டிரைபாடை விரித்தேன். ஜூமை முழுக்க நீட்டி சிம்னியை பிரேமின் இடப்பக்கம் நிறுத்தினேன். துவாரத்தைக் கையால் 5.6-க்குத் திருப்பினேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். மணி ஆறேகால்.

“தம்பி, நிலா அங்கன வராது” என்றார் பேச்சியம்மாள்.

“போன மாசம் இங்கதானுங்க வந்துச்சு!”

“அது தை நிலா. மாசி நிலா தள்ளி வரும். அந்தா ரெட்டப் பாறை தெரியுதுல்லா, அதுக்கு மேல. பங்குனிக்கு இன்னும் அங்கிட்டுப் போவும். பதினஞ்சு வருசமா இந்த மேட்டுலதான கொழுந்து எடுக்கோம்.”

ரெட்டைப் பாறை சிம்னிக்கு வலப்பக்கம் எட்டத்தில் இருந்தது. அதன் உச்சியில் வானம் அப்போதே வெளுக்கத் தொடங்கியிருந்தது. மாதத்துக்கு மாதம் சூரியன் இடம் மாறி உதிப்பது தெரியும். நிலாவும் மாறும் என்று ஏனோ தோன்றவே இல்லை. போட்டோக்காரன் போன மாதம் எடுத்த படத்தை நம்புவான், வானத்தைப் பார்க்க மாட்டான்.

டிரைபாடைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடினேன்.

“அங்கிட்டு எங்க ஓடுதீக? சிம்னி இன்னும் வெலகிரும்! இங்கிட்டு வாங்க, இடது கைப்பக்கம்!”

நின்று பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நாம் இடப்பக்கம் போனால்தான் சிம்னி வலப்பக்கம் நகர்ந்து ரெட்டைப் பாறைக்கு வரும். ஓட்டமென்றால் ஓட்டம், நூறு கஜத்துக்கு மேல், இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே. செடி காலைக் கிழித்தது. ஒரு வடிகால் குழியில் நான் முழங்காலளவு இறங்கிவிட்டேன். பேச்சியம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிச் சிம்னியைப் பார்த்தார். ஓர் இடத்தில் நின்று, “இங்கன!” என்றார்.

டிரைபாடை ஊன்றினேன். வியூஃபைண்டரில் ரெட்டைப் பாறையும் சிம்னியும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் அங்கே காற்று. அவ்வளவு நீட்டிய ஜூமில் டிரைபாட் சற்று நடுங்கினாலும் திரையில் சிம்னி சாமியாடும். பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அவர் பிடிக்கவில்லை. இடுப்புச் சாக்கை அவிழ்த்து, அதில் கல்லை அள்ளிப் போட்டு, டிரைபாடின் நடுக் கொக்கியில் மாட்டிவிட்டார். நடுக்கம் நின்றது.

“மனுசக் கை நடுங்கும், தம்பி. கல்லு நடுங்காது.”

பாறை மேல் ஒரு கீற்று எழுந்தது. அமுக்கினேன். கேமரா கறகறவென்று ஓடத் தொடங்கியது. நிலா தன் அகலத்துக்கு நகர இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை மூச்சு விடக்கூடப் பயம். இடையில் புகை போல ஒரு மேகம் வந்து நின்றது, போய்த் தொலை என்று வாய்க்குள் திட்டினேன். போய்விட்டது. வட்டம் முழுசாகச் சிம்னிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது கவுண்டரில் மிச்சம் ஐந்தடி பிலிம், இருபது விநாடி ஓட்டம்தான் இருந்தது. பேச்சியம்மாள் வானத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டா?”

“வந்துருச்சுங்க்கா.”

5. அதே வராந்தா

மறுபடியும் மூன்று வாரம். மார்ச் முடிய நாலு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. பட்டியல் மறுநாள் போவதாக இருந்தது.

திரையில் இளநீல வானம். கறுப்பாகச் சிம்னி. அதன் பக்கத்தில் மஞ்சள் பூசிய நிலா, முயலோடு எழும்பியது. நான் என் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். மேனேஜர் தொடையில் தட்டினார்.

“கண்டோ! அந்தப் பெண்ணு தொட்டில்ல. படம் நன்னாயி!”

அவ்வளவுதான். இனி நான் சும்மா இருந்தாலே போதும், எல்லாம் எனக்கு நல்லதாக முடிந்துவிடும். புரொஜெக்டரில் படம் முடிந்து வெறும் வெள்ளை ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து அதை நிறுத்தினேன்.

“சார், ரெண்டு தடவையும் அந்தம்மாதான் பை தூக்குனாங்க. நிலா எங்க வரும்னு காட்டுனதும் அவங்கதானுங்க. நான் தப்பான எடத்துல நின்னுட்டிருந்தேன். மொதப் படம் கெட்டது என்னாலதானுங்க. ஆட்டோவுல விட்டுட்டேன்.”

மேனேஜர் விளக்கைப் போட்டார்.

“நீ எப்போ அறிஞ்சு?”

“அன்னிக்கு இதே வராந்தாவுல, படம் ஓடறப்பவே தெரியுங்க.”

அவர் திட்டவில்லை. கிளார்க்கைக் கூப்பிட்டுப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். கோடு போட்ட பேரைக் கீழே தன் கையாலேயே மறுபடி எழுதினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட் பக்கம் கையைக் காட்டினார். கார்டு போட்டோ வேலை அந்த வாரமே வேறு ஸ்டூடியோவுக்குப் போனது. முதலாளி என்னிடமிருந்து டார்க்ரூம் சாவியை வாங்கிக்கொண்டார். நான் பஸ் ஏறுவதற்கு முன்னால் லைன் வீட்டுக்குப் போனேன். நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நன்றி சொல்வார் என்ற நப்பாசையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

பேச்சியம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சொன்னேன். பேர் ஏறிவிட்டது, வீடு உங்களுக்குத்தான் என்றேன். கோடரியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். முந்தானையை எடுத்தபோது அவர் கேட்டது வேறு.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மொதப் படம் வந்த அன்னைக்கே தெரியுங்க்கா.”

அவர் மனதுக்குள் நாட்களை எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

“அப்ப வளைவுல நா நின்னப்பவும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேவா என்னைய அந்த மேட்டுல ஓட விட்டீக, தம்பி?”

அவர் கோடரியை எடுத்து விறகைப் பிளக்க ஆரம்பித்தார். நான் போகலாம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தூரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்து முப்பது வருடம் ஓட்டினேன். எத்தனையோ படம் கெட்டிருக்கிறது. கெட்ட அன்றே, கஸ்டமர் முன்னாலேயே, என் கைத் தப்பு என்று சொல்லிவிடுவேன். கூட வேலை செய்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள், ஏன் இப்படி அவசரப்படுகிறீர்கள் என்று. அவசரம்தான். நாலு வாரம் தாமதித்துச் சொன்ன உண்மை ஒருத்தருக்கு வீட்டைக் கொடுத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும் தைரியத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. தேவிகுளம் பக்கம் நான் பிறகு போகவே இல்லை.

நிலாவை எடுக்கப் போகிறவர்களுக்கு: ஆட்டோவை நம்பாதீர்கள், துவாரத்தைக் கையால் வையுங்கள். போன மாதம் நின்ற இடத்தில் நிற்காதீர்கள், அங்கே தினமும் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். டிரைபாடில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். இதைச் சொல்லிக்கொடுத்தவர் பேர் பேச்சியம்மாள்.