சடையன் கொண்டுபோன மஞ்சு

களத்தில் மிளகு பரப்பிக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து சின்னான் ஏறி வந்தான். ஆற்றங்கரை ஆலையில் சடையனோடு வேலை செய்கிற நம் மலைக்காரன்.

"சடையண்ணன் போயிட்டாருங்க" என்றான்.

"எங்கே போனான்? பாதி மலையில உக்காந்து மூச்சு வாங்கறானா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். சின்னான் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். என் கையிலிருந்த மிளகு எப்போது கொட்டியதென்று தெரியவில்லை.

சடையன் என் அத்தை மகன். நம் மலையின் குண்டனி நாட்டில் அவனையும் பெரக்கரை நாட்டில் என்னையும் அறிந்தவர்களுக்கு, நாங்கள் ஒருவரையொருவர் கேலி பேசாமல் ஒரு வாய் சோறு தின்றதில்லை என்பது தெரியும். சாமை பொய்த்த வருஷம் இருவரும் ஒன்றாக இறங்கி, அந்த ஆலை பாய்லருக்குக் கரி அள்ளப் போனோம். மறு வருஷம் மழை பெய்ததும் நான் ஏறிவிட்டேன். தம்பிமாருக்கு இருக்கிற காடே போதாது என்று அவன் அங்கேயே தங்கிவிட்டான்.

நம் மலையில் வெள்ளைப் பனிமூட்டமாய் மஞ்சு இறங்குகிற காலையில் யார் கதவைச் சாத்தி வைக்கிறார்கள்? உள்ளே வரட்டும் என்று திறந்துதானே விடுவோம். அங்கே போன முதல் பனிக்காலத்தில் சடையனும் விடிந்ததும் கதவை அகலத் திறந்தான். வெளியே ஒரே வெள்ளை. "நம்ம மஞ்சு இங்கேயும் வருதுங்க மச்சான்" என்று வாசலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்தான். திரும்பியபோது மூக்கடியில் இரண்டு கரிக்கோடு.

"ஏனுங்க மாப்ளே, மஞ்சு மீசை வெச்சு உடுமா?" என்றேன்.

துடைத்துப் பார்த்துவிட்டு, "ஊரு புதுசு. மஞ்சும் புதுசாத்தான் இருக்கும்" என்றான். தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆளா அவன்!

கோடையில் காற்று அந்த ஆலைப் புகையை ஆற்றோடு அடித்துக்கொண்டு போய்விடும். கார்த்திகை பிறந்தால் காற்று படுத்துவிடும். குளிர் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ள, ஆலை கக்குவதெல்லாம் கூரை மட்டத்திலேயே கிடக்கும். வெயில் ஏறும்வரை எதிர்வீடு தெரியாது. சடையனின் நெஞ்சு அதில்தான் கெட்டது. வருஷா வருஷம் மார்கழியில் லீவு கேட்டு மேலே வருவான். கல்லுக்குக் கல் உட்கார்ந்து ஏறுவான். நாலு நாள் நம் காற்றைக் குடித்தால் குரல் திரும்பிவிடும். குரல் திரும்பிய அடையாளம், என்னைத் திட்டுவது.

போன வருஷம் அவன் இறங்கும்போது, தேன் பிடிக்கிற மூங்கில் குழாய் ஒன்றை மஞ்சில் நீட்டிப் பிடித்து, மூடி போட்டு, மெழுகு பூசிக் கொடுத்தேன். "மூச்சு முட்டினாத் தொறந்து ஒரு இழுப்பு இழுங்க. ஒரேயடியாத் தீத்துப் போடாதீங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல் அதை மடியில் கட்டிக்கொண்டான்.

இந்த வருஷம் உலகச் சண்டைக்காக ஆலை இரவு பகல் ஓடியது. மலைக்காரரில் ஒருவருக்குத்தான் லீவு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். முறை சடையனுடையது. சின்னானின் சின்ன மகள் பொன்னிக்கு அப்போது நெஞ்சில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் குழந்தை மூச்சுக்குத் தவித்து அழ, சடையன் குழாயை எடுத்து வந்து மெழுகை நகத்தால் கீறியிருக்கிறான். "இழு கண்ணு, நம்மூரு மஞ்சு." குழந்தை அழுகையை விட்டுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்ததாம்.

சடையன் குழாயை மூடினான். "கொழாயில வாரது இவளுக்குப் பத்தாது சின்னா. என் லீவுல நீ இவள மேல கூட்டிட்டுப் போ" என்றான்.

"உங்களுக்குங்கண்ணா?"

"எனக்கு அந்தப் புது மஞ்சு பழகிப் போச்சு."

சின்னான் பெண்டாட்டியையும் குழந்தையையும் இங்கே மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது சடையன் படுத்திருந்தான். தை முடிகிற ஒரு விடியலில், "கதவத் தொற. மஞ்சு வரட்டும்" என்றானாம்.

"வேண்டாங்கண்ணா, பொகைங்க."

"எனக்குத் தெரியாதா? தொற."

சின்னான் திறந்தான். சடையன் வெளியேயே பார்த்துக்கொண்டு கிடந்தான். வெயில் வந்து எதிர்வீடு தெரிந்தபோது அவன் இல்லை.

பொன்னி இப்போது என் களத்தில் ஓடி மிளகை மிதிக்கிறாள். விசில் நின்றுவிட்டது. திட்டினால் கத்துகிறாள், கத்துவதற்கு மூச்சு இருக்கிறது. சின்னான் கொண்டுவந்த குழாய் என்னிடம் இருக்கிறது. கீறிய இடத்தில் அவன் நகத்தடம் அப்படியே தெரிகிறது. நேற்றுக் காலை மஞ்சு நன்றாக இறங்கியது. வாசலில் நின்று குழாயை நீட்டிப் பிடித்தேன். மூடி போட்டேன். அந்தத் தடம் அழியாமல் சுற்றிலும் மெழுகு பூசினேன். கீழே கொண்டுபோகத்தான் ஆள் இல்லை.