மூட்டுக்கு மூட்டு

எனக்கு அப்போது பதினாலு வயசு. எழுபதுகளின் கடைசி, வில்லாபுரத்தில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் நான்தான். மாவட்டப் போட்டிக்கு என் பெயர் போயிருந்தது. எனக்கு வேறு நினைப்பே கிடையாது. அம்மாவுக்கோ அது ஆகவே ஆகாது. "பொம்பளப் புள்ளைக்கு என்னடி ஓட்டம்" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் எழுந்திருக்கிறேன், வலது முழங்கால் விளாம்பழம் மாதிரி வீங்கி நிற்கிறது. விழவில்லை, இடிக்கவில்லை. தொட்டால் கொதிக்கிறது. "ஓடு, இன்னும் ஓடு!" என்றாள் அம்மா. உருளைக்கிழங்கு தின்ற வாயு என்றார் அப்பா. பக்கத்து வீட்டுக்காரி, கண்ணு பட்டுருச்சு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். சோழவந்தானிலிருந்து வந்த அத்தை வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி ஒட்டினாள். "சுளுக்குதான், இதுக்குப் போயி இம்புட்டு அழுகையா?" என்று என்னையே வைதாள். முட்டி என்னுது, பேச்சு அவர்களுது. எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் பக்கம் எந்த உறுப்பு நோகிறதோ அதை வெள்ளித் தகட்டில் வாங்கி மாரியம்மன் உண்டியலில் போடுவது வழக்கம். அம்மா கால் போடுவதாக நேர்ந்துகொண்டாள். சொல்லிவைத்த மாதிரி முட்டி வற்றிவிட்டது! தலைகால் புரியாமல் ஓடிப்போய்க் காலைப் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் இடது கணுக்கால் வீங்கியது. அதுவும் கால்தானே, போட்டது போதாதா என்று அவளுக்குக் குழப்பம். அது வடிந்ததும் மணிக்கட்டு. அடுத்து ஒரு கை வாங்கப் போனாள்.

எனக்கோ காய்ச்சல் விடவில்லை. பாயில் கிடந்தால் மேலே ஓடுகள் மெல்ல நகரும். தெருக்குழாயில் குடங்கள் இடிபடுவது ஆற்றுக்கு அக்கரையில் கேட்பது போலிருக்கும். உடம்புக்குள் ஒருத்தி சாவகாசமாக நடந்து, மூட்டுக்கு மூட்டு தங்கிப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அவளிடம் பயமே இல்லை. அவள் கூடவே நானும் ஓடுவேன். கால் தரையில் படாது, மூச்சு வாங்காது, மைதானத்து மண் வாசம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அம்புட்டு சுகம்! முழித்தால் வலி.

கொல்லைக்குப் போய் வரவே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அப்பா பயந்துபோய் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அம்மாவும் வந்தாள். வீக்கம் மூட்டு மாறி மாறி வந்ததை அப்பா சொன்னதும், டாக்டர் என்னைத் தொட்டுப் பார்க்குமுன்னே கேட்டார்: "கொஞ்ச நாளைக்கு முன்னாடி தொண்ட வலிச்சுச்சா?"

வலித்தது. எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தேன். பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடித்ததில் போய்விட்டது என்று மறந்துவிட்டோம்.

"அடிபட்டாலோ சீழ் வச்சாலோ பெரும்பாலும் ஒரே மூட்டுல நிக்கும். இது இடம் மாறுது. தொண்டையில வந்த கிருமியோட வேலை. மூட்ட விட்டுட்டுப் போயிரும். இதயத்தத்தான் விடாது" என்றார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வால்வில் சத்தம் இருக்கிறதாம். மாதாமாதம் பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு.

"அப்ப ஓடுனதால வரலையா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"இனிமே ஓடலாமா?"

அம்மாவா கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். டாக்டர் கூடாதென்று தலையை ஆட்டினார். "போட்டியெல்லாம் மறந்துருங்க. இந்த நெஞ்சு தாங்காது."

அப்பா மருந்து வாங்கப் போனார். வராந்தா பெஞ்சில் என்னை உட்காரவைத்து, என் பாதம் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் அம்மா. அவளுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"எம்புட்டு வேகமா ஓடுவன்னு எல்லாரும் சொன்னாக" என்றாள். "நான் ஒருதடவகூட வந்து பாக்கலையேடி."